போதகரின் ஜாதகம்

நான் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த எஸ்டேட், ஏற்காட்டிலிருந்து மாரமங்கலம் போகும் வழியில் இருக்கிறது. காப்பிச் செடிகளுக்கு நடுவே சின்னதாக ஒரு கிறிஸ்தவக் கோயில். கட்டிய வெள்ளைக்கார முதலாளி, தோட்டம் யார் கையில் இருக்கிறதோ அவரே போதகரைத் தேர்ந்து சொல்ல வேண்டும், திருச்சபை அவரை நியமிக்க வேண்டும் என்று பத்திரத்தில் எழுதிவிட்டுப் போனார். அப்புறம் தோட்டம் மூன்று கை மாறியது. மிளகுக் கொடி, பழைய ஜீப்பு இவற்றோடு அந்த உரிமையும் சேர்ந்தே கைமாறியது. இன்றைக்கு அது செல்லுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிறவர்தானே கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.

கடைசியாக வாங்கியவர் சேலத்து ஜவுளிக்காரர், முருக பக்தர். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். உரிமையை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வினையே அதுதான்.

பழைய போதகர் ஓய்வு பெற்றதும் இரண்டு பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவர் சமவெளிக்காரர், நான் பார்த்ததில்லை. இன்னொருவர் தற்காலிகமாக ஊழியம் பார்த்துக்கொண்டிருந்தவர். எங்கள் தொழிலாளர் லைன் வீட்டிலேயே பிறந்தவர். காப்பிப் பழம் பறித்து அவரைப் படிக்க வைத்த தாய் பக்கவாதத்தில் படுத்திருந்தாள். இந்த மலையை விட்டு இறங்க மாட்டேன் என்பது அவள் பிடிவாதம். வேலை கிடைக்காவிட்டால் திருச்சபை மகனை வேறு ஜில்லாவுக்கு அனுப்பிவிடும்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க ரைட்டரே, ரெண்டு பேரு ஜாதகத்தையும் வாங்குங்க. எங்கூர்ப் பூசாரிக்கும் பாத்துத்தானுங்க வெச்சோம்."

"அவங்களுக்கு அந்த வழக்கம் இல்லீங்க."

"பொறந்தவன் எல்லாத்துக்கும் நட்சத்திரம் உண்டுமில்லீங்க?"

சமவெளிக்காரருக்குக் கடிதம் போட்டேன். இவரிடம் நேரே போனேன். தாய்க்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

"எங்கம்மா பழக்கூடையோட நின்னுட்டு இருக்கறப்ப வலி வந்து என்னையப் பெத்துச்சுங்க. மணி பாக்க அங்க யாரு இருந்தா?"

கையைத் துடைத்துக்கொண்டு, 'என்னிடம் ஜாதகம் இல்லை' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று மனசுக்குள் திட்டினேன். அந்தத் தாளை முதலாளியிடம் காட்டவே இல்லை.

எனக்கு அரைகுறை ஜோசியம் தெரியும். எஸ்டேட்டில் பாதிக் கல்யாணத்துக்கு நான்தான் பொருத்தம் பார்த்தவன். அவருடைய பள்ளிச் சான்றிதழில் இருந்த தேதியை எடுத்து, லக்கினத்தைக் குரு பார்க்கும்படி ஒரு நேரத்தை நானே போட்டுக் கட்டம் வரைந்தேன். அவரிடம் சொல்லவில்லை. முதலாளி அதைப் போட்டோ எடுத்துச் சேலத்து ஜோசியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

எட்டாம் இடத்தில் சனி, அண்டிய இடத்துக்கு ஆகாது என்று பதில் வந்தது. குருவையே பார்த்துக்கொண்டிருந்த நான் சனியைக் கவனிக்கவில்லை. அதே வாரம் சமவெளிக்காரரின் கடிதமும் வந்தது. ஜாதகம் பார்ப்பது எங்கள் வழக்கமில்லை, மன்னிக்கவும் என்று இரண்டே வரி.

முதலாளி அதை இரண்டு தரம் படித்தார். "உள்ளத உள்ளபடி எழுதியிருக்காரு பாருங்க. கோயிலுக்கு இப்பேர்ப்பட்ட ஆளுதானுங்க வேணும்" என்று கையெழுத்துப் போட்டார்.

அப்போதாவது நான் இவர் எழுதிய தாளை எடுத்துக் காட்டியிருக்கலாம். என் வேலை போய்விடும் என்று பயந்தேன். வேறு காரணம் ஏதும் இல்லை.

ஒரு மாதம் கழித்துத் தாயை எஸ்டேட் ஜீப்பில் படுக்க வைத்துக் குப்பனூர் வழியாக இறக்கினார்கள். "எப்பச் சாமி திரும்பி வருவோம்?" என்று அவள் குழறலாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஜீப்பு கிளம்பும் முன் மகன் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்காக நொம்பப் பாடுபட்டீங்கன்னு சொன்னாங்க. மறக்க மாட்டேனுங்க."

அந்த நன்றியை நான் மறுக்கவில்லை.