நடு மாடல்

எங்கள் வீட்டில் கார் மாடல்களைக் கரைத்துக் குடித்திருந்த ஒரே ஆள் நான்தான். அப்போது மூன்றாம் வகுப்பு படித்தேன். மாமா ஷோரூமிலிருந்து வாங்கிவந்த வழவழப்பான தாள்களை வாய்ப்பாட்டைவிட நன்றாக மனப்பாடம் செய்திருந்தேன். எங்களைப் போன்றவர்களுக்காகவே விலை குறைத்துக் கார் செய்கிற கம்பெனி அது. ஆனால் அங்கேயும் ஏழை, பணக்காரன் பேதம் உண்டு. மட்ட மாடலில் ஏசி கிடையாது. பக்கத்துக் கண்ணாடியைத் திருப்ப வேண்டுமென்றால் வெளியே கையை நீட்டித் தள்ள வேண்டும். நடு மாடலில் ஏசி உண்டு, கண்ணாடியை உள்ளேயிருந்தே திருப்ப ஒரு குட்டிக் குமிழும் உண்டு. உசத்தி மாடலில் பாட்டுப்பெட்டி, பளபளக்கும் சக்கரம், பின் கண்ணாடிக்குத் துடைப்பான். உலகத்திலேயே சிறந்த கார் அதுதான் என்று நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

அப்பா நடு மாடலை எடுத்தார். நான் ஷோரூமிலிருந்து எங்கள் ஊர் ஆம்பூர் வரும்வரை உம்மென்று உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவை வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதற்குத்தான் அந்தக் கார். அவளுக்குப் புற்றுநோய். அந்தச் சொல் என் காதில் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். 'ஊசி போடப் போறோம்' என்பார்கள். ஊசி போட்டுக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் அவள் குடலே வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தாள். அதைப் பார்க்க மாட்டாமல்தான் அப்பா கார் வாங்கினார். நானோ அமிர்திக்கு மான் பார்க்கப் போவதற்கென்று நம்பியிருந்தேன்.

எங்கள் ஊரில் புதுக் கார் வந்தால் இரண்டு சடங்கு. முதலில் போதகர் வந்து பானெட்டின்மேல் கை வைத்து ஜெபம் செய்வார். அடுத்து வண்டி நேராகக் குஷன் கடைக்குப் போகும். தோல் கம்பெனிக்காரன் வீட்டுக் காரில் துணி சீட்டு இருந்தால் கௌரவக் குறைச்சல். அப்பா, பதப்படுத்திய தோல்களைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவர். அவருடைய கூட்டாளிகள் ஆளுக்கொரு தோல் கொடுத்து, கருஞ்சிவப்பில் உறை தைத்துப் போட்டார்கள். "உசத்தி மாடல்லகூட இது கெடையாது, பாப்பா" என்றார் அப்பா. எனக்கும் கோபம் போய்விட்டது.

தோல் வாசனை எங்களுக்குத் தெரியாது. வாசனை இல்லை என்பதல்ல, பிறந்ததிலிருந்து அதிலேயே இருப்பதால் மூக்கு அதைச் சட்டை செய்வதில்லை. பஸ்ஸில் யாராவது மூக்கைப் பொத்தினால் 'வெளியூர் ஆளு' என்று நாங்கள் சிரிப்போம்.

முதல் நாள் மாதனூர் தாண்டுவதற்குள் அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திமிரியில் பிறந்திருந்தாலும் கல்யாணமாகி வந்து எத்தனையோ வருஷமாயிற்று, இன்றைக்குப் போய் வெளியூர் ஆளாகிவிட்டாளே என்று. கொஞ்ச தூரத்தில் கதவைத் திறந்து சாலையோரம் வாந்தி எடுத்தாள். அப்பா அங்கேயே உறைகளைப் பிய்த்தெடுக்க ஆரம்பித்தார். வராத இடத்தில் பல்லால் தையலைக் கடித்தார். எல்லாவற்றையும் சுருட்டிப் புளியமரத்தடியில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். நல்ல தோலை அவர் அப்படி எறிந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த தடவை துணி சீட்டு, ஜன்னல் நான்கும் திறந்திருந்தன. அம்மா அப்போதும் தலைப்பை எடுக்கவில்லை. முகத்தை மட்டும் அப்பாவுக்குத் தெரியாமல் வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று ஆஸ்பத்திரி வாசலில் அப்பா என்னைத் தனியாக அழைத்துப் போய், குனிந்து கேட்டார்.

"பாப்பா, அப்பா மேல எதுனா நாத்தம் அடிக்குதா? பொய் சொல்லாம சொல்லு."

நான் அவர் சட்டையில் மூக்கை வைத்து உறிஞ்சிப் பார்த்தேன். "நாத்தம்லாம் இல்லப்பா. எப்பவும் வர்ற அப்பா வாசனைதான் வருது" என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். தலையைத் தடவிவிட்டு நிமிர்ந்து போனார்.

அதற்கப்புறம் காரை ஓட்டியது மாமா. அம்மாவின் தம்பி, திமிரியிலிருந்து முதல் நாளே வந்துவிடுவார். அப்பா காரில் ஏறவே இல்லை. "எனக்குக் கம்பெனில கொஞ்சம் வேலை இருக்கு. முடிச்சிட்டு பின்னாடியே வர்றேன்" என்று தன் பழைய பைக்கை எடுத்துக்கொள்வார்.

"நீங்களே ஓட்டுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல" என்பாள் அம்மா. சொல்லும்போது அழுவாள். இரண்டு பேருக்கும் சண்டை என்று நான் முடிவுகட்டினேன்.

ஆனால் அப்பா கம்பெனிப் பக்கம் போனதாகவே தெரியவில்லை. ஊர் எல்லை தாண்டுவதற்குள் பின்னால் வந்துவிடுவார். எனக்கு ஒரே குஷி. பின் சீட்டில் முழங்கால் போட்டு நின்று, "மாமா, அப்பா வர்றாரு! சீக்கிரம் போ, பிடிச்சிடுவாரு!" என்று கத்துவேன். "மெதுவா போடா" என்பாள் அம்மா. பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் நாங்கள் வரிசையில் நிற்க, பைக்குக்குக் காசில்லாத ஓரப் பாதையில் அப்பா புகுந்து போய், அந்தப் பக்கம் வெயிலில் நிற்பார். ஏமாற்று வேலை என்று நான் கூச்சல் போடுவேன். நாங்கள் கடந்ததும் மறுபடி பின்னால் வருவார்.

முன் சீட்டில் சாய்ந்திருக்கும் அம்மா, தன் பக்கத்துக் குமிழைப் பிடித்துக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இருப்பாள். "அக்கா, எனக்குப் பின்னாடி ஒண்ணும் தெரியலக்கா" என்று மாமா சலித்துக்கொள்வார். முடியெல்லாம் கொட்டிப் போனதால் முகத்தைப் பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருக்கும்.

அந்த மழைக்காலத்தில் அம்மா செத்துப்போனாள்.

எல்லாம் முடிந்து உறவினர்கள் கலைந்தபின், என்னைப் பள்ளிக்கூடத்தில் விட அப்பா காரை எடுத்தார். முதல் தடவையாக நான் முன் சீட்டில், அம்மாவின் இடத்தில் உட்கார்ந்தேன். நிமிர்ந்து, அம்மா திருப்பிக்கொண்டே இருந்த பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தேன். என் முகம் அதில் இல்லை. எங்களுக்குப் பின்னால் வருகிற சாலைதான் தெரிந்தது, ஒரு ஆள் பைக்கில் வந்துகொண்டிருந்தார்.

"அப்பா, இந்தக் கண்ணாடி கெட்டுப்போச்சு. மூஞ்சியே தெரியல, ரோடுதான் தெரியுது" என்றேன்.

அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார். என் பக்கம் சாய்ந்து, என் கன்னத்தோடு கன்னம் வைத்து, அதைப் பார்த்தார். குமிழ்வரை போன கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து வெகுநேரம் அழுதார்.

அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும்போல இருந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"உசத்தி மாடலே எடுத்திருக்கலாம்ப்பா."