காஜா பெராங்கிலிருந்து தெலுக் கெமாங் வரை: அணையாத டயர் விளக்கோடு போன பயணம்

போன ஐப்பசியில் மலாக்கா காஜா பெராங்கிலிருந்து தெலுக் கெமாங் கடற்கரைக்கு நானே கார் ஓட்டிப் போய் வந்தேன். ஒரு வழிக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். கோலாலம்பூர், பினாங்கு என்று ஓட்டுகிறவர்களுக்கு இது ஒன்றுமில்லை. எனக்கு அதுவரை பக்கத்து ஊரான செங்கில் நான் சமைக்கும் தொழிற்சாலைக் கேண்டீனும் சந்தையும்தான் தூரம். போனது என் மகள் விமலாவின் முதல் வருடத் திதிக்கு. அவள் சாம்பலை அங்கேதான் கரைத்தோம். மகளுக்குத் தாய் திதி கொடுக்கும்படி ஆகிவிட்டது. அதை எப்படி எழுதினாலும் சரியாக வரவில்லை, அதனால் காருக்கு வருகிறேன்.

கார் விமலா வாங்கியது. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசென்ஸ் எடுக்க வைத்ததும் அவள்தான். டயரில் காற்று எவ்வளவு என்று காட்டும் சின்னப் பெட்டி ஒன்றையும் வாங்கிக் கண்ணாடிக்குக் கீழே ஒட்டி வைத்தாள். நான்கு டயரிலும் காற்று அடிக்கும் இடத்தில் சாதா மூடிக்குப் பதிலாகக் கறுப்பு மூடி இருக்கும். அந்த மூடிக்குள் அளக்கிற கருவி. அது அனுப்புகிற எண் பெட்டியில் தெரியும். என் காருக்கு முப்பத்து மூன்று இருக்க வேண்டும். ரொம்பக் குறைந்தால் அந்த டயரின் எண் சிவப்பாக மின்னும், பெட்டியும் கத்தும். "அம்மா, இது கத்துனா எங்க இருந்தாலும் நிப்பாட்டிடு" என்று சொல்லியிருந்தாள்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் அது கத்த ஆரம்பித்தது. முன் இடது டயர் இருபத்து நான்கு என்றது. செங்கில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். டயரைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. காற்று அடித்து அனுப்பினார்கள், ஐந்து வெள்ளி, அதாவது ரிங்கிட். வீடு வருவதற்குள் மறுபடி சிவப்பு. இரண்டாவது கடை எங்கள் வீட்டுப் பக்கம். அங்கே காற்று வாயையே புதிதாக மாற்றினார்கள், பதினைந்து வெள்ளி. மறுநாள் காலையும் சிவப்பு. "டயர் நல்லாத்தான் இருக்குக்கா, ஒங்க பெட்டிக்குத்தான் பைத்தியம்" என்றார் கடைக்காரர்.

புக்கிட் காதிலில் இருக்கும் என் அண்ணனுக்கு, நான் கார் ஓட்ட வேண்டாம் என்று சொல்ல இது போதுமானதாக இருந்தது.

"ஒரு கறுப்பு டேப்ப எடுத்து ஒட்டிடு சரசு. வெளக்கு தெரியாது" என்றார்.

"கத்துமேண்ணே?"

"அப்பன்னா பெட்டிய பிடுங்கிப் போடு. இல்ல காரயே விட்டுடு. திதிக்கு எங்களோட வேன்ல வா. வந்தொடன காடிய வித்துடலாம். பொம்பள ஒத்தையா வெச்சிக்கிட்டு என்ன பண்ணப்போற?"

அண்ணன் கெட்ட மனிதர் இல்லை. விமலா போனதிலிருந்து என்னையும் எங்கே இழந்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கு. ஆனால் மகள் காரில் மகள் திதிக்குப் போக முடியாவிட்டால் பிறகு நான் ஸ்டீரிங்கைத் தொடவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும். "ஒம்பது மணிக்குக் கடற்கரையில இருப்பேன். இல்லேன்னா ஒங்க இஷ்டம் போல வித்துக்குங்க" என்று சொல்லிவிட்டேன். 

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினேன். செங், சுங்கை ஊடாங், மஸ்ஜித் தானா, லிங்கி வழியாகப் பழைய சாலை. டோல் கிடையாது. சுங்கை ஊடாங் தாண்டியதும் செம்பனைத் தோட்டம், கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து வீடுகள் என்று சாலை அமைதியாகிவிடும். லாரிக்காரர்கள் பின்னால் வந்து ஒட்டினால் இடது பக்கம் ஒதுங்கி வழிவிடுங்கள், ரோஷப்பட வேண்டாம். நான் அறுபதுக்கு மேல் போகவில்லை.

மஸ்ஜித் தானாவை நெருங்கும்போது பெட்டி விடாமல் கத்தியது. முன் இடது இருபத்தொன்று. மகள் சொன்னபடி நிறுத்தினேன். பெட்ரோல் நிலையத்தின் காற்றுக் குழாய் பக்கம் போய், எஞ்சினை அணைக்கவும் தோன்றாமல், கதவைத் திறந்தபடியே விட்டு இறங்கி முன் இடது டயரின் கறுப்பு மூடியைத் திருகிக் கழற்றினேன். உள்ளே பெட்டி வேறு மாதிரி கத்தியது. எட்டிப் பார்த்தேன். பின் வலது டயர் சுழியம் என்று காட்டியது.

பின் வலதை யாரும் தொடவே இல்லையே.

மூடியைத் திரும்பப் போட்டேன். சற்று நேரத்தில் பின் வலது முப்பத்தொன்பது. மறுபடி கழற்றினேன், சுழியம். முன் இடது மட்டும் அசையாமல் இருபத்தொன்றிலேயே மின்னிக்கொண்டிருந்தது. பட்டறைகளில் காரை அணைத்துவிட்டு வெளியே வேலை பார்த்தார்கள். உள்ளே உட்கார்ந்து பெட்டியைப் பார்க்க ஆள் இல்லை.

பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு மலாய்க்காரர் காற்றுக்குக் காத்திருந்தார். என் வயது இருக்கும். "லாமா லாகி கா, காக்?" என்று கேட்டார், இன்னும் நேரமாகுமா என்று. நான் விஷயத்தை மலாயில் சொன்னேன். அவருக்கு வேடிக்கையாகிவிட்டது. "நீ உள்ளே உட்காரு, நான் ஒவ்வொன்றாகக் கழற்றுகிறேன், எது சுழியம் ஆகிறது என்று கத்து" என்றார். முன் வலது கழற்றினார், முன் வலது. பின் இடது கழற்றினார், பின் இடது. பின் வலது கழற்றினார், பெட்டியில் முன் இடது சுழியம் ஆனது.

"என் பெண்டாட்டி மாதிரி" என்றார் அவர். "வலி ஒரு இடம், திட்டு வாங்குவது வேறு இடம்."

மூடிகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மேலே காய்ந்த சந்தனம். நகத்தால் சுரண்டினால் உள்ளே எழுத்து. எந்த மூடி எந்த டயருக்கு என்று ஆங்கிலத்தில் சின்னதாகப் போட்டிருக்கிறது. முன் இடதில் இருந்த மூடியில் ஆர் ஆர். பின் வலது என்று அர்த்தம். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள்தான், இந்த இரண்டெழுத்துக்கு அது போதும்.

சந்தனத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. எங்கள் வீடு துக்க வீடு என்பதால் இந்த வருடம் ஆயுத பூஜைக்கு என் காரையும் அண்ணன் தன் வீட்டுக்கு ஓட்டிப்போய், தன் வேனோடு நிறுத்தி, கழுவிப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி அனுப்பினார். மூடிகளைக் கழற்றிப் பூஜைத் தட்டில் போட்டுச் சந்தனம் வைத்துவிட்டு, திரும்ப மாட்டும்போது மாற்றி மாட்டிவிட்டார்கள். அப்புறம் காற்று குறைந்தது பின் வலதில். எல்லோரும் அடித்தது முன் இடதில்.

பின் வலது டயரைப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காரை அரை சுற்று முன்னால் தள்ளிப் பார்த்தபோது தட்டைத் தலை திருகாணி ஒன்று ரப்பரில் ஏறியிருந்தது. மலாய்க்காரர் தன் மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து குறடு எடுத்துக் குனிந்தார்.

"ஜாங்கான் சாபுட்" என்றேன். பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அங்கேயே உட்கார வேண்டியதுதான்.

அவர் சிரித்துக் குறடை உள்ளே வைத்தார். பக்கத்து டயர் கடை எட்டரைக்குத்தான் திறக்கும். மணி ஏழரை. மூன்று வாரத்தில் பத்துப் பன்னிரண்டு இறங்கிய டயர் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கிவிடும்? பின் வலதில் முப்பத்தாறு அடித்தேன், முன் இடதில் கூடுதல் காற்றை இறக்கினேன், மூடிகளை அதனதன் இடத்தில் மாட்டினேன். சிவப்பு அணைந்தது. பெட்டி இப்போது உண்மை சொல்கிறது, அதை நம்பி ஓட்டலாம். லிங்கி பாலம் வரை சாலையை ஒரு கண், பெட்டியை ஒரு கண் பார்த்தேன். முப்பத்தாறு முப்பத்தாறாகவே இருந்தது. பாலத்தின் மேல் எனக்கு நானே சத்தமாக "சபாஷ்டி" சொல்லிக்கொண்டேன். யாரும் இல்லை, சொல்லலாம்.

எட்டு ஐம்பதுக்குக் கடற்கரை. அண்ணன் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, கதவு வழியாகப் பெட்டியைத்தான் பார்த்தார்.

"வெளக்கு எங்க?"

"அணைஞ்சிடிச்சி. ஒங்க பூஜைதான்ணே காரணம்."

"சாமிய குத்தம் சொல்லாத சரசு."

"சாமியில்ல, மூடி. எடம் மாத்தி மாட்டிட்டீங்க."

அண்ணி, ஐயருக்கு வேண்டிய பூஜைச் சாமானை எடுத்து வைத்தபடியே சொன்னார்: "நான் தட்டுல வரிசையாத்தான் வெச்சேன். அள்ளி மாட்டுனது ஒங்க அண்ணன். நாலு மூடிய மாட்டத் தெரியல, காடிய விக்க வந்துட்டாரு."

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலுக்குள் நடந்தார். தாய்மாமனான அவர்தான் பிண்டம் விட்டார். ஐயர் விமலா பெயரைச் சொன்னபோது நான் முட்டளவு தண்ணீரில் நின்றிருந்தேன். அழுதேன். ஆனால் போன வருடம் போல யாரும் என்னைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். திதி கொடுப்பவர்கள் சனி, ஞாயிறு என்றால் ஒன்பதுக்குள் வந்துவிடுங்கள், பிறகு குளிக்க வரும் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. போக வர பெட்ரோல் எனக்கு இருபது வெள்ளிக்குள் முடிந்தது. கடற்கரையிலிருந்து ஐந்து நிமிடத்தில் ஒரு டயர் கடை இருக்கிறது. திருகாணியைப் பிடுங்கி அடைத்துக் கொடுத்தார்கள், பத்து வெள்ளி. டயர் விளக்கு அணையவில்லை என்றால் பெட்டியை எறியாதீர்கள், டேப்பும் ஒட்டாதீர்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பார்க்க, இன்னொருவர் மூடியை ஒவ்வொன்றாகக் கழற்றட்டும். பூஜைக்கு மூடியைக் கழற்றாமல் அதன் மேலேயே பொட்டு வையுங்கள், சாமி கோபிக்காது.

திரும்பும்போது அண்ணி வேனில் ஏறவில்லை. செருப்பு மணலைத் தட்டிவிட்டு என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். "அவரு ஓட்டுனா நான் ஒரு நாளும் கண்ணு மூட மாட்டேன். நாமதான் ரோட்டப் பாத்துக்கணும்" என்றார். லிங்கி வருவதற்குள் வாய் லேசாகத் திறந்திருக்க நன்றாகத் தூங்கிவிட்டார். நான் வானொலியைக் குறைத்துவிட்டு, குழிகளில் வண்டி குலுங்காமல் மலாக்கா வரை ஓட்டினேன்.