கோழிக்குக் கொடுத்த கண் மருந்து

போன வாரம் இமையில் கட்டி வந்து, மருந்துக் கடையில் களிம்பு வாங்கினேன். மூடியைத் திருகியதும் அதே பழைய களிம்பு வாசனை. கையில் குழாயோடு கடை வாசலிலேயே நின்றுவிட்டேன். "என்ன சார், மருந்து மாறிப்போச்சா?" என்றார் கடைக்காரர்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் சிவகாசிப் பக்கம் ஒரு மாட்டாஸ்பத்திரியில் உதவியாளனாக இருந்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, மாட்டைக் கண்டால் எனக்குப் பயம். உதைக்காத ஜீவன் என்பதால் கோழிகளிடம் மட்டும் பெரிய டாக்டர் மாதிரி நடந்துகொள்வேன்.

அப்போதுதான் விஸ்வநத்தத்திலிருந்து மாரியம்மாளக்கா வந்தார். பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை. நகக்கண்ணில் அலுமினியத் தூள் மினுங்கும். அவருடைய மஞ்சள் பையிலிருந்து ஒரு கோழி தலையை நீட்டியது. முகம் வீங்கி, ஒரு கண்ணில் சீழ் அப்பியிருந்தது.

"மூச்சு விட்டா கர்ரு கர்ருங்கு தம்பி. இன்னும் மூணு வீட்டுல இப்படித்தான் கெடக்கு."

டாக்டர் தண்ணீரில் கலக்கும் மருந்தும் கண் களிம்பும் எழுதினார். விளக்கிச் சொல்வது என் பாடு. வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் பஞ்சை நனைத்துச் சீழைத் துடைக்க வேண்டும், இமையைப் பிரித்து அரிசியளவு களிம்பு இட வேண்டும், நோய்க்கோழியைத் தனியே அடைக்க வேண்டும். ஒருமுறை சொன்னால் போதாதென்று மூன்று முறை சொன்னேன். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

எட்டு நாளில் திரும்பி வந்தார். அவருடையதும் அந்த மூன்று வீட்டுக் கோழிகளும் தேறிவிட்டனவாம், ஒன்று முட்டைகூட இட்டுவிட்டதாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு களிம்பு கேட்டார். டாக்டரைக் கேட்காமலே எடுத்துக் கொடுத்தேன். எதற்கென்றும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அடுத்த முறை வந்தபோது முந்தானையால் வலது கண்ணைப் பொத்தியிருந்தார்.

"என்னக்கா, கண்ணுக்கு என்ன?"

"வேலையில மருந்துத்தூசி விழுந்திருச்சு தம்பி. கோழிக்குக் கேட்டது நமக்குக் கேக்காதான்னு அதையேதான் போடுதேன். நீங்க சொன்ன மாதிரியே உப்புத்தண்ணியில தொடச்சுட்டுத்தான்."

முந்தானையை விலக்கினார். கருவிழி மேல் பால் சிந்தினாற்போல் வெள்ளை.  உடனே அவருடைய வீட்டுக்காரருக்கு ஆளனுப்பினேன்.

அன்றே அவரும் நானும் அக்காவை மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆகாத மருந்தைப் போட்டுப் புண்ணு முத்திப்போச்சேம்மா. இத்தனை நாளா என்ன போட்டீங்க? யார் குடுத்தா?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். அக்கா என் பக்கம் திரும்பவேயில்லை.

"நானா கடையில வாங்குனது சார்."

டாக்டர் நீட்டிய சீட்டை வாங்கிக்கொண்டு நான் மருந்து வாங்கப் போனேன்.

அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. கம்பெனி வேலையும் போனது. குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன், ஒருவேளை திரும்பி வந்திருப்பாரோ என்று விஸ்வநத்தம் போனேன். அவர் இருந்த வளவை, ஒரே முற்றத்தைச் சுற்றியிருந்த அந்த வரிசை வீடுகளைக் காணோம். அந்த இடத்தில் ஓர் அச்சுக் கம்பெனி நின்றது. வாசலில் இருந்தவரிடம் விசாரித்தேன்.

"அப்படி ஆரும் இங்கன இல்லையே சார். என்ன விசயமா வந்தீக?"

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.