நவாப் குளம்

மகளின் பட்டுப் பாவாடையை அலசிய வாளியில் தண்ணீர் சிவந்து சாயவாடை எழுந்ததும், நவாப் குளம் நினைவுக்கு வந்தது. அப்பா சாயம் தோய்த்த பட்டை அங்கே அலச அலச, குளத்தோரம் ஒருநாள் சிவப்பாகவும் மறுநாள் பச்சையாகவும் கிடக்க, நான் படியில் உட்கார்ந்து கால் நனைத்துக்கொண்டிருப்பேன். "பச்சக் காலோட போனா உங்கம்மா வூட்டுக்குள்ள வுடமாட்டா பாரு" என்று சிரிப்பார்.

புதிதாக ஆட்சிக்கு வந்தவர்கள் குளத்தைத் தூர்த்துப் பூங்காவாக்கி, ஆதியிலிருந்தே இது ஒரு மன்னரின் நந்தவனம் என்று பொறித்துக் கல் நட்டார்கள்.

அந்த இடத்தைப் பற்றி எழுதிய பள்ளி நோட்டை மகள் நீட்டினாள். "டீச்சர் நந்தவனம்னு எழுதச் சொன்னாங்கமா. நீதான் கொளம்னு சொன்ன."

மார்க் போய்விடுமோ, பள்ளிக்குக் கூப்பிட்டுக் கேட்பார்களோ?

"கல்லுல இருக்கறதையே எழுதுமா. நான் தப்பா சொல்லிட்டேன்."

அவள் எழுதியிருந்த 'குளம்' என்ற சொல்லை நானே அழித்தேன். பென்சில் எழுத்துதான், சுவடில்லாமல் போய்விட்டது.