வாப்பாவின் புயல் கணக்கு

எங்கள் வாப்பாவுக்குப் புயல் என்றால் ஒன்றுதான். எனக்கு மூத்த ராத்தாவும் நானும் பிறப்பதற்கு முன்னே அடித்த பழைய புயல். அதற்குப் பிறகு கடலில் எந்தக் காற்று எழும்பினாலும் அதை அந்தப் புயலுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து, காணாது, போதாது என்று தள்ளிவிடுவார். சாய்ந்தமருதுத் தேத்தண்ணிக் கடையில் ஆளுக்கொரு புயல் வைத்திருந்தார்கள். தோணி வயலுக்குள் போய்க் கிடந்த வருடம்தான் பெரிது என்பார் ஒருவர், பள்ளிவாசல் ஓடு பறந்த வருடம் என்பார் இன்னொருவர். வாப்பாவிடம் மட்டும் அத்தாட்சி இருந்தது. வயல் பக்கம் இருந்த எங்கள் வெறுங்காணி வளவில், இடுப்பளவு வெள்ளத்தில் நின்றுகொண்டு, தென்னை மரத்தில் நீர்மட்டத்தைக் கத்தியால் கீறினாராம். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது. இப்போது அந்தக் கதையை யாராவது சொல்லமாட்டார்களா என்று இருக்கிறது.

ஐம்பதுகளின் பிற்பாதியில் ராத்தாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் நிக்காஹ் நடக்காது. மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் குடிவருவார். நாங்கள் குடியிருந்த வீடும் அப்படி உம்மாவுக்கு அவவின் வாப்பா கொடுத்ததுதான். ராத்தாவுக்கான வீட்டை வாப்பா அந்த வயல் பக்க வளவிலே கட்டினார். அத்திவாரத்தைத் தென்னையில் இருந்த கோட்டுக்கு மேலே ஒரு சாண் உயர்த்தி, அதன்மேல் சுடாத மண்கல்லால் சுவர் எழுப்பினார். இன்னும் கொஞ்சம் உயர்த்துவோம் என்று மேசன் சொன்னதற்கு, பழைய புயலையே பார்த்தவனுக்கு நீ படிப்பிக்கிறியா என்று விழுந்தார். தையில் கலியாணம் என்று முடிவானது.

அந்த மாரிக்காலம் எங்களைச் சும்மா விடவில்லை. முதல் புயல் கார்த்திகைத் தொடக்கத்தில் வந்தது. வளவில் வெள்ளம் கணுக்கால் அளவு. வாப்பா சிரித்தார். அது வற்றி, சுவர் காய்வதற்குள் இரண்டாவது வந்தது. முழங்கால் அளவு. கோடு இன்னும் மேலேதான் இருக்கிறது என்று கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஒரே மாரியில் இரண்டு புயலைத் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள்கூடக் கண்டதில்லை. வாப்பாவோ, பழையது ஒன்று இந்த இரண்டையும் விழுங்கும் என்றார்.

மார்கழியில் மூன்றாவது காற்று கிளம்பியபோது, புதுவீட்டில் வைத்திருந்த பாய், தலையணை, பெட்டகம் எல்லாவற்றையும் கடற்கரைப் பக்கம் மேட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு எடுத்துவருவோம் என்று ராத்தா கெஞ்சினா. வாப்பா விடவில்லை. எடுத்தால் பழைய புயல் தோற்றதாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தென்னையையே வெட்டிச் சாய்த்திருப்பேன்.

இரண்டாம் நாள் விடிந்து மழை விட்டதும் நாங்கள் நால்வரும் தண்ணீருக்குள்ளால் நடந்து போனோம். கோடு தெரியவில்லை. அதற்கு மேலே ஒரு முழம் வெள்ளம் நின்றது. புதுவீட்டில் சுவர் என்று ஒன்று இல்லை, கரைந்து போயிருந்தது. கூரை மட்டும் ஒரு பக்கம் சரிந்து மிதந்தது. ராத்தா அழவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

வாப்பா தண்ணீருக்குள் கைவிட்டுத் தென்னையில் கோட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு ராத்தாவைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"புள்ள, புயல் அடிச்ச அண்டைக்கு நான் வெள்ளத்துக்குள்ள நிக்கல்ல. நாங்க எல்லாரும் பள்ளிவாசல்ல இருந்த. மூணாம் நாள், தண்ணி பாதி வத்தினாப் பிறகுதான் வந்து கீறின."

பழைய வெள்ளம் எவ்வளவு உயரம் நின்றது என்று அவருக்கே தெரியாது. இருபது வருடமாக ஊரிலுள்ள புயலை எல்லாம் தோற்கடித்த கோடு, பாதி வற்றிய தண்ணீரின் கோடு. நான் என்னவோ கேட்கப் போனேன். உம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினா.

ஒரு கிழமை போனது. வீடு என்னாச்சு என்று மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பினார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஆனால் வீடில்லாவிட்டால் தையில் கலியாணம் இல்லை என்பது எங்களுக்கும் விளங்கியது. அடுத்த விளைச்சல் வரைக்கும் தவணை கேட்கலாம் என்று வாப்பா இழுத்தார். அப்போதுதான் உம்மா சோறு வெந்துகொண்டிருந்த குசினியிலிருந்து வெளியே வந்தா.

"இஞ்சேருங்க, இந்த ஊடு என்ட வாப்பா எனக்குத் தந்த. நான் என்ட மகளுக்குக் குடுக்கன். நாம வயல் வளவுக்குப் போவம்."

வாப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். உம்மாவைத் தேற்ற ஒருவரும் போகவில்லை. அவ மறுபடி குசினிக்குள் போய்ச் சோறு வடித்தா.

தையில் நிக்காஹ் நடந்தது. நாங்கள் மூவரும் வயல் பக்கம் அந்த அத்திவாரத்தின்மேல் தென்னங்கிடுகுக் குடிசை போட்டுப் போய்விட்டோம். மறுநாள் காலை, புதுமாப்பிள்ளைக்கு உம்மா இடியப்பம் அவித்து, தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினா. நானும் கூடப் போனேன். அவ மணமகளாக இருந்த வீடு, எங்கள் இருவரையும் பெற்ற வீடு. ஸலாம் சொல்லி நுழைவது எந்த நாளும் உள்ளதுதான். அன்றைக்கு உம்மா முக்காட்டைச் சரிசெய்து, வெளியே நின்று ஸலாம் சொல்லிவிட்டு, உள்ளே வரச்சொல்லி ராத்தா கூப்பிடும்வரை படியில் கால் வைக்கவில்லை.