அல்போன்ஸின் கட்டைவிரல்

அல்போன்ஸும் நானும் ஜங்லிகாட்டிலிருந்து ஒரே டிங்கிப் படகில் பன்னிரண்டு வருஷம் தூண்டிலுக்குப் போனோம். அவன் அப்பா தூத்துக்குடிப் பக்கம். இவன் பிறந்தது இந்தத் தீவில்தான். ஒரு தடவை சூரை மீன் இழுத்த இழுப்பில் நைலான் நரம்பு அவன் வலது கட்டைவிரலை நகத்தோடு எலும்புவரை அறுத்துவிட்டது. ஆறிய பிறகும் விரல் பிளந்தே கிடந்தது. மற்ற விரல்களின் ரேகையை உப்பு தின்றுவிட்டது.

அதற்கப்புறம் எந்தக் கைரேகை மெஷினும் அவனை ஏற்கவில்லை. சிம் கார்டு வாங்கப் போனாலும் சிவப்பு விளக்குதான். ரேஷன் கடையில் அவன் பெண்சாதி கிளாரா விடமாட்டாள். தன் தலையில் விரலைத் தேய்த்து, அந்த எண்ணெயை அவன் விரலில் பூசி, முந்தானையால் துடைத்து வைக்கச் சொல்வாள். அது எடுக்காது. பிறகுதான் தன் விரலை வைப்பாள். மாதாமாதம் இதே கூத்து.

"அங்கூட்டா ரேகையே தேறலையே, உன்னை நம்பி எப்படிய்யா பொண்ணு குடுத்தாங்க?" என்பார் கடைக்காரர்.

"கோயில்ல மெஷின் இல்ல பாய். மோதிர விரலை மட்டுந்தான் கேட்டாங்க" என்பான் அல்போன்ஸ்.

மீனவர் அட்டைக்குக் கடைசியில் கண்ணைப் படம்பிடித்துக் கொடுத்தார்கள்.

போன நவம்பரில் எனக்குக் காய்ச்சல். அவன் தனியாகப் போனான். நான் கூடப் போயிருந்தால்... அதைப் பேசி என்ன. காற்று திரும்பிவிட்டது. நாலாம் நாள் ஒரு உடல் கரை ஒதுங்கியது. முகம் இல்லை. பதிந்துவைத்த கண்ணும் இல்லை. அதே காற்றில் வேறு மூன்று பேரையும் காணவில்லை என்பதால் உடலைச் சும்மா தர முடியாது, டி.என்.ஏ. சோதனைக்கு எலும்பு எடுத்து மெயின்லேண்டுக்கு அனுப்பவேண்டும், மாதக்கணக்காகும் என்றார் போலீஸ்காரர்.

பார்க்கவேண்டாம் என்று கிளாராவிடம் சொன்னேன்.

"மூஞ்சி வேண்டாம்ண்ணே. வலது கையைக் காட்டச் சொல்லுங்க."

துணியை விலக்கிக் கையை மட்டும் காட்டினார்கள். தோல் ஊறி வெளுத்திருந்தது. பிளவு அப்படியே இருந்தது. கிளாரா முந்தானையை எடுத்து அந்த விரலில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தாள். மெஷினில் வைக்கும்முன் துடைப்பாளே, அதே மாதிரி.

"இவருதான்."

போலீஸ்காரர் கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்தார். பிறகு அதையே அடையாளமாக எழுதி உடலைக் கொடுத்தார். மறுநாள் அடக்கம் செய்தோம்.

போன மாதம் ரேஷன் அட்டையில் அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். வரிசையில் நானும் நின்றேன். கிளாராவின் முறை வந்தது. பழக்கத்தில் தலையில் விரலைத் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் திரும்பினாள்.

அங்கே நான்தான் நின்றிருந்தேன்.