கையை வை என்றது கார்

இஷ்தியாக் பாயின் காருக்குப் புது சாஃப்ட்வேர் இறங்கிய மறுநாள் காலை அவர் எனக்குப் போன் செய்து, "மதி, இன்னிக்கு சீக்கிரம் வா. வண்டி இன்னாவோ புதுசா கத்துக்கிச்சாம், பாக்கலாம்" என்றார். பெருநாளைக்குப் புதுச் சட்டை கிடைத்த பையனின் குரல். ஆளுக்கு வயது அறுபத்து மூன்று.

இஷ்தியாக் அகமது தோலைத் தொட்டுத் தரம் பிரிக்கிறவர். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எந்த டேனரியில் தோல் பதனிட்டுச் சரக்குத் தயாரானாலும் ஏற்றுமதிக்காரர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வடக்குப் பார்த்த ஜன்னல் பக்கம் மேஜையைப் போட்டு, தோலை விரித்து, கட்டை விரலால் ஒரு தடவு தடவுவார். இது முதல் ரகம், இது இரண்டாம் ரகம், இது லைனிங்குக்கு என்று தள்ளிக்கொண்டே போவார். வெயில் மஞ்சளாவதற்குள் வேலை முடிய வேண்டும். டியூப் லைட்டில் தோல் பார்க்கிறவனை அவர் மனுஷனாகவே மதிப்பதில்லை. நான் மதியழகன். அதே டேனரிகளுக்குச் சாயமும் பாலிஷும் விற்கிற கம்பெனியின் ஆள். போகிற இடம் ஒன்றுதான் என்பதால் வருஷக்கணக்காக அவர் காரில் தொற்றிக்கொண்டு போகிறேன். எனக்கும் லைசென்ஸ் உண்டு. ஆனால் அவர் ஸ்டியரிங்கை யாருக்கும் தர மாட்டார்.

போன வருஷம் வரை அவரிடம் இருந்தது பழைய டீசல் கார். ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, பள்ளிகொண்டா தாண்டி ஓட்டிக்கொண்டே கண்ணசந்துவிட்டார். கார் நடுத் தடுப்பில் உரசி நின்றது. அவருக்குக் கீறல்கூட இல்லை. பக்கத்தில் இருந்த அவர் மனைவி சகீனாவுக்குத் தோள் எலும்பு முறிந்துபோனது. அந்த அம்மா அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அதற்கப்புறம் பின் சீட்டில்தான் உட்கார்ந்தார்.

திட்டியதெல்லாம் மகள் தூபா. பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அப்பா இனிமேல் ஓட்டவே கூடாது என்று ஒரே பிடியாக நின்றாள். பாய் சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், வீட்டையே ஒரு வழி பண்ணிவிட்டார். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். தானாகவே கோட்டுக்குள் போகிற, முன்னால் வண்டி நின்றால் தானாகவே பிரேக் போடுகிற எலெக்ட்ரிக் கார் வாங்குவது. அதன் ஆப் தூபாவின் போனிலும் இருக்கும். ஓடும்போது ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தால் அவளுக்கு மெசேஜ் போகும். இன்னொரு தடவை தூங்கினால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

டிரைவர் வைத்துக்கொள்ளுங்களேன் என்று நானே கேட்டிருக்கிறேன். "டிரைவர் வெச்சா அவன் டைமுக்கு நான் போவணும். பஸ்ல போனா பஸ் டைமுக்கு. வெளிச்சம் எனக்கோசரம் நிக்குமா?" என்றார். அது பாதி உண்மை. ஓட்டும்போது அவர் முகத்தைப் பார்த்தால் மீதி விளங்கும். அந்த மனுஷனுக்கு இந்த ஒரு சந்தோஷம்தான்.

கார் வந்த கையோடு ஒரு காரியம் செய்தார். கம்பெனி போட்டு அனுப்பிய ஸ்டியரிங் உறை தோல் இல்லை, தோல் மாதிரி. கட்டை விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, ஏதோ அசிங்கத்தைத் தொட்டது போல வேட்டியில் கையைத் துடைத்தார். "ஆயுசு பூரா தோல்ல கை வெச்சவன் ரெக்சினப் புடிச்சி ஓட்டறதா?" நல்ல ஆட்டுத் தோலாகத் தானே பொறுக்கி, அடியில் ஸ்பாஞ்ச் வைத்து, ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற ஜெயம்மாளிடம் கொடுத்துத் தைத்து மாட்டிவிட்டார். ஆம்பூரில் இது அதிசயமில்லை. ஸ்கூட்டர் சீட்டிலிருந்து மூக்குக் கண்ணாடிக் கூடு வரை எதற்கும் நல்ல தோலில் தைத்துக் கொடுக்க இங்கே ஆள் உண்டு.

சரி, அப்டேட் கதைக்கு வருகிறேன். எனக்கு அப்டேட் என்றாலே எரிச்சல். போனில் ஒவ்வொரு தடவையும் இருந்த பட்டன் காணாமல் போகும், பேட்டரி சீக்கிரம் தீரும், இதற்கு நன்றி வேறு சொல்வார்கள். ஆனால் அன்று ஹைவேயில் ஏறியதும் நானும் வாயைப் பிளந்தேன். முன்னெல்லாம் பெரிய வளைவு வந்தால் கார் கைவிட்டுவிடும். இப்போது வளைவைத் தானே எடுத்தது. முன்னால் லாரி ஆடி அசைந்து போனால், பக்கத்து லேன் காலியாக இருக்கிறது, போகட்டுமா என்று திரையில் கேட்டது. "போ ராஜா" என்று பாய் இண்டிகேட்டரைப் போடுவார், அது போகும்.

திரையில் சாலை மொத்தமும் பொம்மையாக ஓடிக்கொண்டிருந்தது. மாதனூர் பக்கம் ஒரு ஆட்டு மந்தை ஓரமாகப் போனது. கார் அதை நாய்க் கூட்டம் என்று காட்டியது. "ஆம்பூர் காருக்கு ஆடு தெரிலன்னா எப்பிடிப்பா!" என்று பாய் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஒருத்தன் பைக்கின் பின்னால் தோலை மடித்து மலையாகக் கட்டிக்கொண்டு போனான். அவனைக் கார் முதலில் லாரி என்றது, அடுத்து பைக் என்றது, அப்புறம் அங்கே ஒன்றுமே இல்லை என்றது. நான் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டேன். பாய்க்கு அதுவும் வேடிக்கைதான்.

அப்போதுதான் அது டிங் என்றது. 'கைகளை ஸ்டியரிங்கில் வைக்கவும்' என்று சிவப்பு எழுத்து.

பாயின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. அழுத்திப் பிடித்தார். மறுபடியும் டிங். இன்னும் அழுத்தினார். மூன்றாவது டிங்குக்குப் பிறகு கார் கோபித்துக்கொண்டு, இன்றைக்கு இனி நானாக ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டது. உடனே தூபாவிடமிருந்து கார் ஸ்பீக்கரில் போன். வீட்டில் அவர்கள் உருதுதான் பேசுவார்கள். டேனரிகளில் சுற்றிச் சுற்றி எனக்கும் அது புரியும், தமிழில் சொல்கிறேன்.

"அப்பா, கைய வுட்டுட்டு வேடிக்கை பாத்துனு போறீங்களா?"

"கை வெச்சினுதாம்மா இருக்கேன். மதியக் கேளு."

"மதி அங்கிள் உங்களுக்கு சாட்சி சொல்லாம வேற இன்னா சொல்வாரு?"

இதே கூத்து தினமும் நடந்தது. பாய் மோதிரத்தைக் கழற்றிப் பார்த்தார். கையை ஈரமாக்கிப் பார்த்தார். பிடிக்கிற இடத்தை மாற்றிப் பார்த்தார். காருக்கு அவர் கை தெரியவே இல்லை. தூபா பொறுத்துப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை வருகிறேன், சாவியை எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டாள். ஒரு நாள் நான் அவர் வீட்டுக்குப் போனபோது சகீனா என்னைத் தனியாக நிறுத்தி, "உண்மையச் சொல்லுங்க தம்பி, கை வெச்சிருந்தாரா?" என்று கேட்டார். சத்தியமாக வைத்திருந்தார் என்றேன். தோளைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை.

அன்றைக்குக் காரில் பாய் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுகரால கைல ரத்த ஓட்டம் கம்மி ஆயிடுச்சோ, மதி?" என்றார். தொட்டே பிழைத்த மனுஷன் கேட்கிற கேள்வியா இது? கார் மேல் வந்த ஆத்திரத்தில் அந்தத் திரையை ஓங்கி ஒரு குத்து விடலாமா என்றிருந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டோம். அந்தப் பெண் ரொம்ப மரியாதையாகப் பேசினாள். "சார், நாடு பூரா இந்த வண்டி ஓடுது. இந்தக் கம்ப்ளெய்ன்ட் உங்க பக்கத்துலேர்ந்து மட்டும்தான் வருது." எங்க பக்கம் என்றால் எது என்று பாய் கேட்டார். "ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, சார்."

பாய் என்னைப் பார்த்தார். அப்படியென்றால் அவர் ஒருத்தர் கை மட்டும் இல்லை. முகத்தில் அந்தப் பழைய பையன் திரும்ப வந்துவிட்டான். எங்கள் பக்கத்து எலெக்ட்ரிக் கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயருக்குத்தான் இருந்தார். அன்று முதல் முறையாக அதில் பேசினார். பதில்கள் கொட்டின. ஒருத்தருடைய கார் பாலத்து நிழலைப் பார்த்து பிரேக் போடுகிறதாம். இன்னொருத்தருடையது கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னால் பக்தியோடு ஊர்ந்து போகிறதாம். ஸ்டியரிங்கில் தண்ணீர் பாட்டிலைக் கட்டிவிட்டால் கார் ஏமாந்துவிடும் என்று ஒரு புத்திசாலி சொன்னார். அவரை நானே பாய் போனிலிருந்து திட்டினேன்.

ஷூ கம்பெனி நடத்துகிற நவீத் என்பவர் மட்டும், "எனக்கும் அதே பேஜார், பாய். ஆனா மெட்ராஸ்ல என் தம்பி இதே வண்டிதான் வெச்சிருக்கான், அது ஒழுங்கா ஓடுது" என்றார். அன்று சாயங்காலமே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு காரையும் தெருவில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். டயரைப் பார்த்தோம், திரையைப் பார்த்தோம், ஒன்றும் பிடிபடவில்லை. பாய் நவீத்தின் காரில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். கட்டை விரல் தானாகத் தடவியது.

"ஆட்டுத் தோலா?"

"நம்ம ஃபாக்டரி சரக்கு, பாய். ஏன், உங்களுதும் தோலா?"

இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நவீத்துக்குத்தான் முதலில் விளங்கியது. முன்பெல்லாம் ஸ்டியரிங் லேசாக அசைகிறதா என்று பார்த்துத்தான் கார் கையைக் கண்டுபிடிக்கும். புது அப்டேட்டில் உறைக்கு அடியிலிருந்து, கை படுகிறதா என்றே பார்க்கிறது. எங்கள் ஊர்த் தோல் தடிமனாக நடுவில் நின்றுகொண்டு கையைக் காட்டவே இல்லை. டிங் பிரச்சினை இருக்கிறவர்கள் ஸ்டியரிங்கை போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று நவீத் குழுவில் கேட்டார். கறுப்பு ஆடு, பழுப்பு எருமை, பாம்பு டிசைன் என்று வந்துகொண்டே இருந்தது. ரெக்சினைத் தொட மாட்டோம் என்று ஒரு ஊரே முறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. தெருவில் நின்று நாங்கள் சிரித்த சிரிப்பில் அக்கம்பக்கத்தார் வெளியே வந்து பார்த்தார்கள்.

பாயே பிளேடால் தையலைப் பிரித்து உறையைக் கழற்றினார். ரெக்சினைப் பிடித்தபோது முகம் கோணியது. மறுநாள் வேலூர் வரை போய் வந்தோம், ஒரு டிங் இல்லை. வெள்ளிக்கிழமை வந்த தூபா, "மெஷின நம்பி உங்கள சந்தேகப்பட்டுட்டேன்ப்பா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். சாவியைப் பற்றி யாரும் பேசவில்லை. அன்று எல்லோரும் நாட்றம்பள்ளியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். சகீனா பாய்க்குப் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்து போனார். அதை என்னிடம் சொல்லும்போது பாய்க்குக் குரல் தடுமாறியது.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதிதான்.

அடுத்த மாதம் ஒரு நாள் ராணிப்பேட்டையில் காலையிலிருந்து நின்றபடியே தோல் பார்த்துவிட்டு, சாப்பிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் போனில் ஆர்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். டிங் என்றது. கண்டுகொள்ளவில்லை. மறுபடியும் டிங். எரிச்சலோடு திரும்பினேன். பாயின் கைகள் மடியில் கிடந்தன. தலை மார்பில் சாய்ந்திருந்தது.

கத்துவதற்குள் கார் தானாகவே வேகம் குறைந்து நின்றது. முன்னால் ஷூ கம்பெனி பஸ் ஒன்று ஓரமாக நிறுத்தி ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுப் பையோடு பெண்கள் இறங்கி, எங்கள் காருக்கு முன்னால் சாலையைக் கடந்தார்கள். ஒரு பெண் சிரித்துக்கொண்டே எங்களுக்குக் கையைக் காட்டி, இருங்க என்று சைகை செய்துவிட்டுப் போனாள். நான் பாயைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறந்தவர் அந்தப் பெண்களைத்தான் முதலில் பார்த்தார். காரை ஓரங்கட்டினார்.

போன் அடித்தது. தூபா சிரித்துக்கொண்டே பேசினாள். "இன்னாப்பா, மறுபடியும் தோல மாட்டிட்டீங்களா? மெசேஜா வந்துனு இருக்குது. ரெக்சின் தாங்கலயா?"

ஆமாம் என்று சொல்லுங்கள் என்று நான் கையாலும் தலையாலும் ஜாடை காட்டினேன். பாய் என்னைப் பார்த்தார்.

"இல்லம்மா, தோல் இல்ல. நான் தூங்கிட்டேன்."

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. சாவிய இன்னிக்கே உங்கம்மாகிட்ட குடுத்துடறேன்" என்று பாயே சேர்த்துச் சொன்னார். தூபா, "சரிப்பா" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. பாய் போனை வைத்தார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இன்னா பாய் இது? காரணத்த அவளே எடுத்து கைல குடுத்தா. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா நம்பிருப்பாளே!"

"நம்பிருப்பா, மதி. அதான் எனக்கு பயமாயிடுச்சி."

அவர் இறங்கிச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் இறங்கி அந்தப் பக்கம் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன்.